சயான் பாலம்: சைக்கிள் உருட்ட ஒரு சரிவுப் பாதை கேட்டுத் திறந்த மடல்

மும்பைப் புறநகர் ரயில் நிர்வாகத்தில் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

தண்டவாளத்துக்கு மேலே தாராவிப் பக்கத்தையும் ஆஸ்பத்திரிப் பக்கத்தையும் இணைத்த சயான் மேம்பாலத்தை ஏன் மூடினீர்கள் என்று உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. 1912-இல் கட்டியது, தளர்ந்துவிட்டது, ஐந்தாவது ஆறாவது ரயில் பாதைக்கு இடமும் வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் பாலத்தின்மேல் வண்டிகள் போவதை நிறுத்தினீர்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. விழுந்தபிறகு அழுவதைவிட முன்கூட்டியே இடித்துக் கட்டுவது நல்லதுதான். என்னை எழுத வைத்தது போன வாரம் படிக்கட்டில் கொட்டிய ஒரு வாளி சாம்பார்.

எங்கள் சந்தில் ஓர் இட்லி அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் இரவு மூன்று மணிக்கே அடுப்பு எரியும் வீடுகளில் அவர் வீடும் ஒன்று. ஐந்தரைக்கெல்லாம் சைக்கிள் கேரியரில் இட்லிச் சருவத்தை வைத்துக் கட்டி, ஹேண்டில்பாரில் ஒரு பக்கம் சாம்பார் வாளி, மறுபக்கம் சட்னித் தூக்கு மாட்டிக் கிளம்பிவிடுவார். ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கியபடி பாலம் ஏறி இறங்கினால் சயான் ஆஸ்பத்திரிப் பக்கம். இரவெல்லாம் நோயாளிக்குத் துணையிருந்து கண் சிவந்து வெளியே வருகிறவர்கள்தான் அவருக்கு முதல் போணி. இருபத்தைந்து வருஷமாக அவருடைய பாதை இது.

இப்போது சைக்கிளை இந்தப் பக்கமே பூட்டிவிட்டு, சருவத்தைத் தலையில் வைத்து நடைபாலத்தின் படியேறுகிறார். அந்தப் பக்கம் தெரிந்த டீக்கடையில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து வாளியைத் தூக்குகிறார். தினமும் இரண்டு நடை. சுற்றிப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போய்ப் பார்த்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இட்லி ஆறிவிடுகிறது. ஆறின இட்லியை யார் வாங்குவார்கள்?

போன வாரம் நல்ல மழை. இரண்டாவது நடையில், மேலே இன்னும் நாலைந்து படி இருக்கும்போது அவருக்குக் கால் வழுக்கியது. நான் கொஞ்சம் கீழே வந்துகொண்டிருந்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அவர் பாதத்திலேயே கவிழ்ந்தது. செருப்பைக் கழற்றியபோது வாரோடு தோலும் சேர்ந்து வந்தது. அந்த நிலையிலும் அவர் கேட்டது, "பின்னால வந்த பிள்ளை மேல படலையே?" என்றுதான்.

அதனால் கேட்கிறேன். புதுப் பாலம் திறக்கும்வரை, நடக்கிறவர்களும் சைக்கிள் உருட்டுகிறவர்களும் தண்டவாளத்தைக் கடக்க ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுங்கள்.

ஒவ்வோர் ஏப்ரல் 16-ஆம் தேதியும், 1853-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதை நினைவுகூர்கிறீர்கள். போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர், 14 பெட்டிகள், சுமார் 400 விருந்தினர்கள், சாஹிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின்கள். அந்த வண்டி எங்கள் சயான் வழியாகத்தான் போனது. சின்ன வயதில் அப்பா என்னைப் பிளாட்பாரத்தில் நிறுத்தி இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் எஞ்சின் பெயரெல்லாம் நினைவிருக்கும் வரலாற்றில், இங்கே இறங்கியவர்களுக்கும் கொஞ்சம் இடம் வேண்டாமா? தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் முன்னோர்கள் தாராவியில் குடிசை போட்டார்கள். எங்கள் அப்பா தகரப் பெட்டியோடு தாதரில் இறங்கி, லோக்கல் பிடித்து சயானில் வந்து நின்றவர். அன்றைக்கு அவர் நடந்து கடந்ததும் அந்தப் பாலத்தைத்தான்.

நிலையத்தின் மராத்திப் பெயர்ப் பலகையில் 'சீவ்' என்று இருக்கும். எல்லை என்று அர்த்தம். நம் 'சீமை'க்குச் சொந்தக்காரச் சொல். பம்பாய்த் தீவு முடிந்து வடக்கே சால்செட் தீவு தொடங்கும் இடம் என்பதால் வந்த பெயர். அப்புறம் ரயில் வந்தது, பாலம் வந்தது, ஊர் இரண்டு பக்கமும் வளர்ந்து ஒன்றானது. இப்போது தண்டவாளமே எங்களுக்கு எல்லையாகிவிட்டது.

மழை, படிக்கட்டு, கூட்டம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்று பிரபாதேவி எனப்படும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில் 2017 செப்டம்பர் 29 காலையில் 23 பேர் நெரிபட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகு ராணுவத்தை அழைத்தீர்கள். 2018 பிப்ரவரிக்குள் அங்கே புது நடைபாலம் நின்றது. மனது வைத்தால் சில மாதத்தில் முடிகிற வேலைதான். அதற்கு உயிர் போக வேண்டுமா என்பதுதான் எங்கள் ஆற்றாமை.

இந்த நகரத்தில் எந்த வேலை தொடங்கினாலும் முதலில் அறுபடுவது நடக்கிறவர்களின் வழிதான். மெட்ரோ தோண்டினாலும் சரி, சாக்கடை தோண்டினாலும் சரி. பாலம் மூடியபோது நான் பார்த்த அறிவிப்பில் கனரக வாகனம் எந்தப் பக்கம், கார் எந்தப் பக்கம் என்று தெருத்தெருவாக எழுதியிருந்தது. தலையில் சுமையோடு வருகிறவர், கைத்தடி ஊன்றி ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி, மாதம் நிறைந்த பெண், இவர்களுக்கு ஒரு வரிகூட அதில் என் கண்ணில் படவில்லை. நாங்கள் என்ன காற்றில் பறந்தா போவோம்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பாலம் உங்கள் பொறுப்பா, மாநகராட்சியின் பொறுப்பா என்று கேட்டு எங்களை அலையவிடாமல், இரண்டு தரப்பும் ஒரு நாள் சேர்ந்து வந்து பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு வந்தால் போதும். டிக்கெட் கவுண்டர் பக்கம் நான் நிற்கிறேன், கூடவே படியேறி வருகிறேன். அண்ணாச்சிக்குக் கால் இன்னும் ஆறவில்லை. அவர் மகன்தான் இப்போது வாளி தூக்குகிறான். அந்தப் பையன் கையிலாவது சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏற ஒரு சரிவுப் பாதை கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சயானில் தினமும் ஏறி இறங்கும் ஒரு தாராவித் தமிழன்