மேடையும் மேசையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ போனில் சொன்ன விஷயத்தைப் பற்றித்தான். நடனக் குழுவின் நிர்வாகத்தை உன்னையே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒத்துக்கொண்டால் ஆட்டம் போச்சு, இனி வாடகை, சம்பளம், ஜி.எஸ்.டி. என்றே காலம் ஓடிவிடும் என்று பயப்படுகிறாய். இதற்கெல்லாம் போனில் பதில் சொல்ல எனக்கு வராது. பாதியில் உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு, ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்துவிடுவாள்.

ப்ளஸ் டூ படிக்கும்போது உன் அலமாரிக் கதவில் ட்வைஸ் என்ற கொரியப் பாடகர் குழுப் பெண்கள் ஒன்பது பேரின் படத்தை ஒட்டி வைத்திருந்தாயே, அவர்களை உருவாக்கிய பார்க் ஜின்-யங்கைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர் கம்பெனி நடத்திய விதம், காலமெல்லாம் பாங்கில் கடன் மனு பார்த்தவனுக்கு நல்ல தீனி.

கொரியாவில் பாடகர் முதலாளியாவது புதிதில்லை. எஸ்.எம். என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிய லீ சூ-மான் எழுபதுகளில் பாடகர். ஒய்.ஜி. என்ற இன்னொரு இசை நிறுவனத்தைத் தொடங்கிய யாங் ஹியூன்-சுக், சியோ தைஜி அண்ட் பாய்ஸ் குழுவில் ஆடியவர். கம்பெனி வளர்ந்ததும் இருவருமே மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். ஜின்-யங் மட்டும் இறங்கவில்லை. அதனால்தான் இவர் கதை உனக்கு.

யோன்சே பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவர். 1992இல் ஒரு குழுவோடு பாட வந்தார்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்.எம்.மிலும் பாடிக் காட்டியிருக்கிறார், எடுத்துக்கொள்ளவில்லை. கிம் கன்-மோ என்ற பாடகருக்குப் பின்னால் நின்று ஆடினார். 1994இல் தனியாக முதல் ஆல்பம் போட்ட பிறகுதான் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி மேடைக்கு அவர் போட்டுக்கொண்டு வந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கால்சட்டையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். படத்தைப் பார்த்தேன். உன் பாட்டி இருந்திருந்தால் டிவியை அணைத்திருப்பார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் சின்னதாக ஒரு கம்பெனி. அதற்கு 2001இல் தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார், ஜே.ஒய்.பி. என்று. அதற்குள் ஜி.ஓ.டி. என்ற ஐந்து பையன்களைக் கொண்டுவந்துவிட்டார். 1999 ஜனவரியில் அவர்கள் பாடிய முதல் பாட்டு ஓர் ஏழைத் தாயைப் பற்றியது. பையன் ஆசைப்பட்டான் என்று ஒளித்து வைத்திருந்த காசை எடுத்து ஜாஜாங்மியோன் வாங்கித் தருகிறாள். கறுப்புச் சாந்து கலந்த நூடுல்ஸ் அது, ஒன்றும் பெரிய விருந்து இல்லை. ஒரே தட்டுதான் வருகிறது. அம்மா, நீ சாப்பிடவில்லையா என்கிறான் பையன். எனக்கு அது பிடிக்காதுப்பா என்கிறாள். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு கொரியா வரைக்கும் போகணுமா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் யோசித்தது வேறு. பிளாஸ்டிக் கால்சட்டைக்காரர் அந்தப் பாட்டைத் தானே பாடியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அவருடைய பாட்டெல்லாம் சரசம். 2001இல் போட்ட ஆல்பத்தை விரசம் என்று பெரிய சர்ச்சையே கிளம்பியது. தன் குரலுக்குப் பொருந்தாததை வேறு தொண்டைகளுக்குக் கொடுக்க முதலாளி வேலை அவருக்கு வழிசெய்தது. நீ அந்த வேலையை இந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். உன் உடம்புக்கு வராத ஆட்டம் இன்னொரு பெண்ணுக்கு வரும், அதை நீ அமைத்துக் கொடுக்கலாம்.

அவர் வளர்த்த ரெயின் என்ற பாடகனின் கதை உனக்கே தெரியும். கண் இமையில் மடிப்பு இல்லை என்று கூடத் திருப்பி அனுப்பப்பட்ட பையன். நிராகரிக்கப்பட்டவருக்குத்தான் நிராகரிக்கப்பட்டவனின் அருமை தெரிந்தது. 2002இல் அறிமுகப்படுத்தினார், சில வருஷங்களில் ஆசியா முழுக்க அவன் பெயர்.

ஆனால் இந்த ஆளை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அமெரிக்க விஷயம் எனக்கு இன்னும் நெருடுகிறது. வொண்டர் கேர்ள்ஸ் 2007லும் 2008லும் கொரியாவையே ஆட வைத்த, அவருடைய பெண்கள் குழு. அந்த உச்சத்தில் அவர்களை 2009இல் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜோனாஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரிகளில் முக்கிய நிகழ்ச்சிக்கு முன்னால் பாட வைத்தார், ஊர் ஊராக. அந்த வருஷம் அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 76வது இடம் கிடைத்தது. கொரியக் குழு ஒன்று அதில் ஏறியது அதுவே முதல் தடவை. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. உலக நிதி நெருக்கடியில் கூட்டு சேர்ந்தவர்கள் பின்வாங்கியிருந்த காலம் அது. அதற்குள் ஊரில் மற்ற குழுக்கள் அவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டன. குழுவில் இருந்த சன்மி என்ற பெண் 2010 ஜனவரியில் படிக்கப் போகிறேன் என்று விலகினாள். அப்போது அவளுக்கு 17 வயது. கனவு முதலாளியுடையது, அதற்குச் செலவானது அந்தப் பெண்களின் வயது. லாப நஷ்டக் கணக்கில் இந்தச் செலவுக்குப் பத்தி கிடையாது. நாளைக்கு உன்னிடம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆட வருவார்கள், அதனால் சொல்கிறேன்.

சன்மி பிறகு குழுவுக்குத் திரும்பினாள், குழு 2017இல் கலைந்தது. வேறு கம்பெனிக்குப் போய்த் தனியாகவே பெயர் வாங்கினாள். 2020இல் அவளும் பழைய முதலாளியும் சேர்ந்து ஒரு டிஸ்கோ பாட்டு பாடி ஆடினார்கள். முகத்தில் விழிக்க முடியாதபடி பிரியவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது நீ கவனிக்க வேண்டிய இடம். கம்பெனி 2013இல் ரெயினின் பழைய கம்பெனியோடு இணைந்து கோஸ்டாக் பங்குச்சந்தைக்கு வந்தது. பார்க் ஜின்-யங்தான் பெரிய பங்குதாரர், ஏறக்குறைய 15 சதவீதம். ஆனால் தலைமை நிர்வாகி அவர் இல்லை! ஜங் வூக் என்பவர். வரவு செலவு, பேரம், ஆள் எடுப்பது எல்லாம் அவர் தலைமையில். படைப்புப் பொறுப்பு மட்டும் இவரிடம். இன்னொன்று செய்தார்கள்: எந்தப் பாட்டை வெளியிடுவது என்று தீர்மானிக்க உள்ளுக்குள் ஒரு குழு. முதலாளி எழுதிய பாட்டும் அந்தக் குழுவைத் தாண்டித்தான் வர வேண்டும். 2018இல் ஒரு வீடியோவில் அவரே கம்பெனி அமைப்பை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு கலைஞர் குழுவுக்கும் தனித்தனிப் பிரிவு, விளம்பரத்திலிருந்து பயணம் வரை அந்தப் பிரிவே பார்க்கும். ஒரே ஆளின் தலையில் எல்லாம் குவிந்தால் அந்த ஆள் காய்ச்சலில் படுத்த அன்று கம்பெனியும் படுத்துவிடும் என்பது எந்த பாங்க் மேனேஜருக்கும் தெரியும். கலைஞர்கள் இதை ஒத்துக்கொள்வதுதான் அபூர்வம்.

அதே வருஷம் புதுக் கட்டடத்துக்கு மாறினார்கள். கீழே இயற்கை விளைபொருளில் சமைக்கும் உணவகம். சாப்பாட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு 200 கோடி வொன் ஆகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். நம் பணத்தில் சுமார் 12 கோடி ரூபாய். உன் அம்மாவுக்கு இந்த மனிதரிடம் பிடித்த ஒரே விஷயம் இதுதான்.

அவர் கம்பெனியில் இருந்த காட்7 என்ற பாடகர் குழுவின் ஏழு பேரும் ஒப்பந்தம் முடிந்து 2021இல் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். குழுவின் பெயர் உரிமையைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, பையன்களுக்கே போனது. கொரியாவில் பெயருக்காகக் கோர்ட் வாசலில் நின்றவர்கள் உண்டு. உங்கள் குழுவின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? முதலில் அதைப் பார்.

நிர்வாக மேசையை இப்படி அடுத்தவரிடம் ஒப்படைத்ததால்தான் அவர் இன்றும் ஆடுகிறார். 2023 நவம்பரில் ஒரு திரைப்பட விருது விழாவில் அவர் பாடி ஆடியபோது, கீழே உட்கார்ந்திருந்த நடிகர்கள் திருதிருவென்று விழித்த முகங்களை இணையம் முழுக்கப் போட்டுச் சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய கோடீஸ்வரருக்கு இந்தக் கேலி தேவையா? தேவை என்று நினைக்கிறார் போல. அறுபது வயதிலும் நன்றாக ஆட வேண்டும் என்பது அவர் ஆசையாம். இதற்கிடையில் 2025இல் அந்த நாட்டு அதிபர் அமைத்த கலைப் பரிமாற்றக் குழுவுக்கு இணைத்தலைவராகவும் போட்டுவிட்டார்கள். ஆட்டம் நின்றதாகத் தெரியவில்லை.

ஆகவே நிர்வாகத்தை வேண்டாம் என்று சொல்லாதே. முழுசாக வாங்கிக்கொள்ளவும் செய்யாதே. கணக்குக்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வை. முதல் வருஷம் கையைக் கடிக்கும், பரவாயில்லை, நான் ஏதாவது செய்கிறேன். காலை ஒத்திகை நேரத்தில் யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாது என்பதைப் பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கு. என்ன பாட்டு, யார் ஆடுவது என்ற முடிவு உன் கையில் இருக்கட்டும், ஆனால் உன்னை மறுத்துப் பேச இரண்டு பேரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

ஒப்பந்த நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. படம் எடுக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் எடு, போன தடவை பாதி எழுத்து தெரியவில்லை. கையெழுத்துப் போடும் முன் நான் ஒரு தடவை படித்துவிடுகிறேன். அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கூரியரில் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா