பின்னணி இசை வாங்க எந்தக் கடை?

அன்புள்ள ரவீந்திரா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் முடிய அடுத்ததுக்கு ஓடுகிறாள். வீட்டில் அவளைக் காண்பதே அரிது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். படங்களின் பின்னணி இசையையும் கேம்களின் இசையையும் காசு கொடுத்து வாங்கி, கோப்பாகவே கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறாய். நல்ல முடிவு மச்சான். ஸ்பாட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்த பிறகு நானும் அதில்தான் அதிகம் கேட்கிறேன். ஆனால் உரிமம் கைமாறினால் ஓர் ஆல்பம் அங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வகுப்பில் ஒரு துண்டைப் போட்டு, நிறுத்தி, பிள்ளைகளுக்குத் திரும்பவும் போட்டுக்காட்டுகிற உனக்கு அது சரிவராது.

இசைக்காரர்கள் தங்கள் ஆல்பங்களைத் தாங்களே விற்கும் இணையக் கடையான பாண்ட்கேம்பில் தொடங்கு. ஒரு தடவை வாங்கினால் சுருக்கிய எம்பி3, ஒலித்தரம் இழக்காத ஃபிளாக், வேவ் என்று எந்த வடிவத்திலும் இறக்கலாம்; கணினி பழுதானாலும் உன் கணக்குக்குள் போய் மறுபடி எடுக்கலாம். வாங்குமுன் பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்க்க விடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, காசு போகும் வழி. டிஜிட்டல் விற்பனையில் கடை எடுப்பது 15 சதவீதம். அட்டைக் கட்டணம் போக மிச்சம் இசையமைப்பாளருக்கோ அவருடைய லேபிளுக்கோ போகிறது. 2020இலிருந்து சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமையில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் நாள் பிறப்பதால் நமக்கு அது வெள்ளி மதியத்துக்குப் பிறகுதான் தொடங்கும், சனி மதியம் வரை இருக்கும். உன் மகன் விளையாடுகிற மைன்கிராஃப்டின் இசையை சி418 என்ற பெயரில் இயங்கும் ஜெர்மன்காரர் 2011இல் அங்கேதான் வெளியிட்டார். அவனுக்கு அதை வாங்கிக் கொடு. அமைதியான பியானோ, உனக்கும் பிடிக்கும்.

பெரிய ஸ்டூடியோ படங்களின் இசை பாண்ட்கேம்பில் அவ்வளவாகக் கிடைக்காது. அதற்கு ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஸ்டோர். இலங்கைக்கு அது 2012 ஜூனிலேயே, இந்தியாவுக்கும் முன்னால், வந்துவிட்டது. 2009இலிருந்து அங்கே விற்கும் பாட்டுகளுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. வாங்கியதை எந்தக் கருவிக்கும் மாற்றலாம். ஆனால் கிடைப்பது 256 கேபிபிஎஸ் ஏஏசி மட்டும், அதுவும் எம்பி3 போலச் சுருக்கிய வடிவம்தான். மாதச் சந்தா கட்டிக் கேட்கும் ஆப்பிள் மியூசிக்கில் 2021இல் வந்த இழப்பில்லாத தரம் கேட்பதற்குத்தான். விலைக்கு வாங்கும் கோப்புக்கு அது கிடையாது. பஸ்ஸில் ஹெட்ஃபோனில் கேட்க 256 தாராளம். வயலின்களின் மெல்லிய முடிவுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் நான் ஃபிளாக்கைத்தான் தேடுவேன்.

அந்தத் தரத்தில் சிறந்தது பிரான்சின் கோபஸ் என்ற கடை. சிடியைவிட நுணுக்கமான 24 பிட் கோப்புகள்கூட விற்கிறார்கள். ஆனால் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று குறிப்பிட்ட நாடுகளில்தான் கடை திறந்திருக்கிறார்கள். நம் நாடு அதில் இல்லை. பாரிஸில் இருக்கும் உன் அண்ணாவுக்குச் சொல், அவருக்குப் பயன்படும். வேறொரு கடையில் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்: அட்டை இலக்கம் வரை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில்தான் உங்கள் நாட்டுக்கு விற்பதில்லை என்றார்கள். ஆகவே எங்கே போனாலும் முதலில் நாடுகளின் பட்டியலைப் பார்.

கேம் இசைக்கு, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையும் நல்லது. 2020 தொடக்கத்திலிருந்து கேமை வாங்காமலே இசையை மட்டும் வாங்க முடிகிறது. எம்பி3யோடு ஃபிளாக் போன்ற உயர்தர வடிவத்தையும் தருவதா என்பது கேம் செய்தவர்களின் விருப்பம், அதனால் விவரத்தை வாசித்துவிட்டு வாங்கு.

தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதும்போதுதான் மனம் கனக்கிறது. நாம் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துக் கசட் அடித்த றெக்கோடிங் பார் காலத்திலும் பாட்டு மட்டும்தான் கிடைத்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நம்மை அழவைத்த வயலினும் புல்லாங்குழலும் படத்துக்குள்ளேயே இருந்துவிட்டன. அண்மைக் காலத்தில் சில படங்களின் பின்னணி இசையைத் தனி ஆல்பமாக வெளியிடுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் எழுபது, எண்பதுகளின் இசையில் பெரும்பகுதியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியவில்லை. வாங்கத் தயாராக நம்மைப் போல் எத்தனை பேர் இருப்பார்கள்! ஒலிப்பதிவு நாடாக்கள் கெட்டுப்போகுமுன் உரிமை வைத்திருப்பவர்கள் அவற்றை வெளியிட வேண்டும்.

இன்னொன்று. ஒரு மணி நேர ஆல்பம் 320 கேபிபிஎஸ் எம்பி3யில் சுமார் 144 மெகாபைட். ஃபிளாக்கில் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். ஃபோன் டேட்டாவில் இறக்காதே. இறக்கியதை வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வை. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது உனக்கு நினைவிருக்கும். கடை மூடினாலும் கோப்பு உன்னிடம் இருக்க வேண்டும்.

வகுப்புக்கு என்னென்ன தேவை என்று ஒரு பட்டியல் அனுப்பு, எது எங்கே கிடைக்கும் என்று நானே பார்த்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொழும்புக்கு வா. அம்மாவுக்கு என் அன்பு.

அன்புடன்,
குமார்