‘கொடுக்கப்போகிற’ இயந்திரம் என்று ஒன்று இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வந்த சூதாட்டக்கூடச் சுற்றுலாக் கட்டுரையில் இரண்டு செய்திகள் தவறு. நெடுநேரமாகக் கொடுக்காத ஜாக்பாட் இயந்திரம் ‘கொடுக்கும் நேரத்தை நெருங்கிவிட்டது’ என்பது ஒன்று. சீட்டுக் கலைக்கும் இயந்திரம் உள்ள மேசையில் ‘யாரும் எந்தத் தில்லுமுல்லும் செய்ய முடியாது’ என்பது மற்றொன்று. இவற்றை நம்பிப் பணத்தை எடுத்து வைப்பவர்கள் இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஜாக்பாட் இயந்திரம். பொத்தானை அழுத்தினால் சின்னங்கள் வரைந்த உருளைகள் சுழன்று நிற்கும், உரிய சின்னங்கள் ஒரே கோட்டில் வந்தால் பரிசு. உருளைகள் நின்ற இடம்தான் முடிவு என்று தோன்றும். உண்மையில் உருளை அசையத் தொடங்கும்போதே முடிவு ஆகிவிட்டிருக்கும். உள்ளே இருக்கும் கணினிச் சில்லு, எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓயாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்திய கணத்தில் எந்த எண்கள் சிக்கினவோ அவைதான் அந்தச் சுற்றின் முடிவு. அந்த எண்களுக்கு உரிய இடத்தில் உருளையைக் கொண்டுபோய் நிறுத்துவது மட்டுமே, படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரின் வேலை. உருளையோடு சுற்றும் ஒரு சிறு நாக்கு ஒளி உணரியைக் கடப்பதை வைத்து, அது எங்கே நிற்கிறது என்று இயந்திரம் சரிபார்க்கும். மோட்டார் படி தவறினாலோ யாராவது ஓங்கித் தட்டினாலோ ‘ரீல் டில்ட்’ (உருளைக் கோளாறு) என்று காட்டிப் பூட்டிக்கொள்ளும். முந்தைய சுற்றில் என்ன வந்தது, எவ்வளவு நேரமாகக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்கில் எங்குமே சேராது. (பிரிட்டன் மதுக்கூடங்களில் உள்ள சில வகை இயந்திரங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை முன்பு கொடுத்ததைப் பொறுத்து வாய்ப்பை மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றுவதை இயந்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.)

‘மயிரிழையில் போச்சே’ என்ற ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கட்டுரையாளர் விசாரித்திருக்கலாம். உருளையில் 22 நிறுத்தங்கள் இருந்தால், மூன்று உருளைகளுக்கு 10,648 சேர்க்கைகள்தான். அதை வைத்துப் பெரிய பரிசு கொடுத்தால் முதலாளிக்குக் கட்டாது. உருளையைப் பெரிதாக்கினாலோ ஆட்டக்காரர் மிரண்டு ஓடிவிடுவார். இந்தச் சிக்கலைத் தீர்த்தது டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் 1984இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை. கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 நிறுத்தங்களே இருக்கும். சில்லுக்குள் இருக்கும் கற்பனை உருளையிலோ, எடுத்துக்காட்டாக, 64 எண்கள். ஜாக்பாட் சின்னத்துக்கு அதில் ஒரே எண். அந்தச் சின்னத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குத் தலா ஐந்து எண்கள் என்று வையுங்கள். இப்போது ஒரு உருளையில் ஜாக்பாட் சின்னம் பரிசுக் கோட்டில் வந்து நிற்பது சராசரியாக 64 சுற்றுக்கு ஒரு முறை. கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்பது 10 முறை. மூன்று உருளைகளிலும் கோட்டில் வருவது 2,62,144இல் ஒன்று. மணிக்கு 600 சுற்று ஆடினால், ஒரு ஜாக்பாட்டுக்குச் சராசரியாக 437 மணி நேரம். ‘நெருங்கி’ வந்து நிற்பது வெற்றி பக்கத்தில் இருப்பதற்கு அடையாளமே இல்லை. எந்த எண்ணுக்கு எந்த இடம் என்ற பட்டியல் அப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தோற்ற சுற்றைப் பின்னால் திருத்தி ‘நெருங்கி வந்த’ காட்சியாகக் காட்டிய ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு 1980களின் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் தடை போட்டது. ஆனால் நான் மேலே சொன்ன பட்டியலுக்குத் தடை இல்லை. சூதாட்டக்கூடம் ஆட்டத்தின் நடுவே திருட்டுத்தனமாக எதையோ அழுத்துகிறது என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. சட்டப்படி, முன்கூட்டியே, சில்லுக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

கட்டுரையில் பெருமையாகக் குறிப்பிட்ட ‘90 விழுக்காடு திரும்பக் கிடைக்கும்’ என்பதும் பாதி உண்மைதான். அந்த விழுக்காடு கையில் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, போட்ட பந்தயங்களின் மொத்தத்துக்கு. 100 வெள்ளியை (டாலரை) ஒரு தடவை முழுதாக ஆடினால் சராசரியாக 90 மிஞ்சும். அந்த 90ஐ மறுபடி ஆடினால் 81. இப்படிப் பத்துத் தடவை உருட்டினால் 35 வெள்ளிகூட மிஞ்சாது. அதோடு, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று 88, மற்றொன்று 95 விழுக்காட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கலாம். வெளியில் நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் நெவாடாவில் 75, நியூ ஜெர்சியில் 83. நெவாடாவில், திரையில் சீட்டாடும் வீடியோ போக்கர் இயந்திரத்தில் மட்டும் ஆட்டக்காரருக்கு ஒரு வசதி உண்டு. திரையில் வரும் சீட்டுகள் உண்மையான கட்டின் வாய்ப்பிலேயே வர வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே பரிசுப் பட்டியலைப் பார்த்தே கணக்குப் போடலாம். ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ என்ற வகை ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்குப் பந்தயத்தைப் போல் 9 மடங்கு, ஃபிளஷ் என்ற சேர்க்கைக்கு 6 மடங்கு என்றிருந்தால், பிசகாமல் ஆடுபவருக்கு 99.54 விழுக்காடு. அதுவே 8, 5 என்றிருந்தால் 97.30.

20 காசு பந்தயம் கட்டியவருக்கு 8 காசு ‘வென்றதற்கு’ இசையும் விளக்கும் போடுவது இன்னொரு சூழ்ச்சி. இணைய ஆட்டங்களில் இதை பிரிட்டன் 2021இல் தடைசெய்தது. மற்றபடி, ‘கோளாறு ஏற்பட்டால் ஆட்டமும் பரிசும் செல்லாது’ என்று பொடி எழுத்தில் ஒட்டியிருக்கும் வாசகம் வெறும் அலங்காரம் அல்ல. அயோவா மாநிலத்தில் 2011இல் ஒரு சென்ட் இயந்திரம் ஏறத்தாழ 4.18 கோடி டாலர் என்று திரையில் காட்டியது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 1.85 டாலர்.

இனி சீட்டு. கலைக்கும் இயந்திரம் இரண்டு வகை. ஒரு வகை, கட்டை மொத்தமாக வாங்கிக் கலைத்துத் திருப்பித் தரும். மேசையில் ஒரு நிறக் கட்டு ஆட்டத்தில் இருக்க, மற்ற நிறக் கட்டு உள்ளே கலைந்துகொண்டிருக்கும். மற்றொரு வகை, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் ஓயாமல் கலைப்பது. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும், சீட்டுப் போடும் டீலர் சீட்டுகளை அப்படியே உள்ளே திணித்துவிடுவார். வெளிவந்த சீட்டுகளை நினைவில் எண்ணி ஆடுபவருக்கு அங்கே வழியில்லை. மற்றவர்களுக்கும் நட்டம்தான், ஆனால் வேறு காரணத்தால். கலைப்பதற்கு நிற்காததால் மணிக்கு ஆடும் ஆட்டங்கள் கூடுகின்றன. 25 வெள்ளி பந்தயம், கூடத்தின் சாதகம் 0.6 விழுக்காடு என்றால், 60 ஆட்டத்துக்கு 9 வெள்ளி போகும் இடத்தில் 72 ஆட்டத்துக்கு 10.80 போகும்.

இயந்திரம் கலைத்தால் முழுதாகக் கலைந்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. பெர்சி டயகோனிஸ், ஜேசன் ஃபுல்மன், சூசன் ஹோம்ஸ் என்ற மூன்று கணித அறிஞர்கள், தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு தட்டு வகை இயந்திரத்தை ஆராய்ந்தார்கள். கட்டின் அடியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக உருவி, பத்துத் தட்டுகளில் ஏதோ ஒன்றில், அங்கே இருக்கும் சீட்டுகளுக்கு மேலேயோ அடியிலோ அது வைக்கும். பின்பு பத்தையும் ஒன்றாக அடுக்கும். கோளாறு இங்கேதான்: ஒரு தட்டில் மேலே வைத்தவை ஒரு வரிசையிலும், அடியில் வைத்தவை அதற்கு நேர்த் தலைகீழ் வரிசையிலும் அப்படியே நின்றுவிடுகின்றன. பழைய வரிசை தெரிந்தவர், ஒவ்வொரு சீட்டும் திறக்கும் முன் ஊகித்துக்கொண்டே வந்தால், முழுதாகக் கலைந்த கட்டில் சராசரியாக 4.5 சீட்டுகள் சரியாக வரும். இந்த இயந்திரத்தின் கட்டில் 9.5 வந்தது. ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை உள்ளே அனுப்புவதுதான் அவர்கள் சொன்ன தீர்வு.

அன்றாடக் கோளாறுகள் இதைவிட எளியவை. முனை வளைந்த சீட்டு சிக்கிக்கொள்ளும். ஈரம் ஏறிய தாள் சீட்டுகள் ஒட்டிக்கொண்டு இரண்டாக உள்ளே போகும். எண்ணிக்கை 52 வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். டீலர் வெளியே எடுத்துக் கையால் எண்ண வேண்டும். தேய்ந்த, தூசி படிந்த ரப்பர் உருளைகள்தான் பெரும்பாலும் காரணம்.

சீட்டு குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்கப் புதிய இயந்திரங்களில் கேமரா வைத்தார்கள். வம்பு அங்கிருந்துதான் தொடங்கியது. கேமராவுக்கு ஒவ்வொரு சீட்டின் முகமும், ஆகவே முழு வரிசையும் தெரியும். 2023 ஆகஸ்டில் லாஸ் வேகஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள், போக்கர் மேசைகளில் பரவலாக உள்ள ஒரு இயந்திரத்தின் யுஎஸ்பி துளையில் சின்னஞ்சிறு கணினியைச் செருகி, அந்த வரிசையைக் கைப்பேசிக்கு அனுப்பிக் காட்டினார்கள். 2025 அக்டோபரில், திருத்திய கலைக்கும் இயந்திரங்களை வைத்துத் தனியார் போக்கர் ஆட்டங்களில் மோசடி செய்ததாக அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ‘கலைத்த பிறகு வெட்டிவிட்டால் போதாதா’ என்று கேட்பார்கள். போதாது. வெட்டினால் வரிசை தொடங்கும் இடம் மட்டுமே மாறும், வரிசை கலையாது. வரிசை தெரிந்தவர் தன் கையில் உள்ள இரண்டு சீட்டுகளைப் பார்த்தே எங்கே வெட்டப்பட்டது என்று சொல்லிவிடுவார்.

சூதாட்டக்கூடத்தில் இயந்திரத்துக்கு முத்திரை, கண்காணிப்புக் கேமரா, ஆய்வாளர் என்று காவல் உண்டு. வாடகை அறையிலும் வீட்டு மேசையிலும் அவை கிடையாது. அங்கே இயந்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கையால் கலைக்கச் சொல்லுங்கள்: கட்டை இரண்டாகப் பிரித்து விசிறிக் கோக்கும் முறையில் ஏழு தடவை, அதன் பிறகு வெட்டு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிங்கப்பூர்