தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுச் செய்திகளும் பொங்கல் வாழ்த்து அட்டைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறை முடிந்து பிள்ளைகள் எல்லோரும் நலமாகத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் இந்த வாரமே வீட்டுக்கு வரும், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கத் தண்ணீர்க் குழாய் சரிசெய்யப்பட்டுவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், பொங்கல் வாழ்த்து அட்டைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நவம்பரிலிருந்து 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மதியங்களில் ஓவிய ஆசிரியை வாட்டர் கலரும் அச்சு வைப்பதும் சொல்லிக்கொடுத்து வருகிறார். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு பொங்கல் அட்டை செய்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, தாத்தா பாட்டிக்கோ வெளியூரில் இருக்கும் மாமா அத்தைக்கோ அனுப்ப வேண்டும் என்பது திட்டம். நம் ஊருக்கு இது பொருத்தமான வேலை. தை பிறப்பதற்கு முன்னால் தபால்காரர் கட்டுக்கட்டாக வாழ்த்து அட்டை கொண்டுவந்து போட்ட காலத்தில், அவற்றில் எத்தனையோ அட்டைகள் நம் சிவகாசியில் அச்சடித்தவைதான்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும். முதல் இரண்டு வாரம் படமே கிடையாது. தாளை ஈரப்படுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாடம். ஈரம் பளபளவென்று இருக்கும்போது வண்ணம் வைத்தால் அது தன்னிஷ்டத்துக்குப் பரவும். பளபளப்பு அடங்கிய பிறகு வைத்தால் ஓரம் மட்டும் மெதுவாகக் கரையும். நன்றாகக் காய்ந்த பிறகு வைத்தால் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். எந்த நேரத்தில் தூரிகையை வைப்பது என்று பிள்ளை தானே பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மழை நாட்களில் தாள் காயவே இல்லை. பொறுமை இல்லாமல் வாயால் ஊதியவர்களும் உண்டு, அட்டையை விசிறியாக்கி வீசியவர்களும் உண்டு.

வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், முதலிலேயே அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்தபோது பல பிள்ளைகளுக்கு ஆச்சரியம். பொங்கிவரும் பாலை எப்படி வரைவது என்று அதன் பிறகுதான் யோசித்தார்கள். ஒரு பையன் பால் வழியும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு மேலே வண்ணம் பூசினான். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டவில்லை, பால் வெள்ளையாக வழிந்தது. இன்னொருத்தி ஈர வானத்தில் நாலு கல் உப்பைப் போட்டுக் காயவிட்டாள். உப்பு வண்ணத்தை இழுத்ததில் வானம் முழுக்கப் பூப் பூவாக விழுந்துவிட்டது.

அச்சுக்கு அடுப்படிக் காய்கறிகள்தான். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பூ. வெங்காயத்தைப் பாதியாக வெட்டினால் வளையம் வளையமாக வரும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இருக்கும் கண்ணறைகள் தேன்கூடு மாதிரி பதியும். உருளைக்கிழங்கில் பானையே செதுக்கிவிடலாம். காயின் ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், வண்ணத்தில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும், வைத்த கையை அசைக்காமல் நேராகத் தூக்க வேண்டும். அசைந்தால் பூவுக்கு நிழல் விழும்.

ரப்பரில் எழுத்தைச் செதுக்கியவர்களுக்கு வேறு சிக்கல். 'பொங்கல்' என்று செதுக்கி அச்சு வைத்தால் எல்லாம் திரும்பி விழுந்தது. அன்றைக்கு உதவிக்கு வந்தவர் நம் மாணவி ஒருத்தியின் தாத்தா. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தவர். தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும் எழுத்தைச் சரளமாக வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இந்த நிலையில்தான் டிசம்பரில் தேர்வு வந்தது. பாதி முடிந்த அட்டைகளை வீட்டுக்குக் கொடுத்து, விடுமுறையில் முடித்துக் கொண்டுவரச் சொன்னோம். அது எங்கள் முடிவு, அதில் எங்கள் தவறும் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்று உங்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

பள்ளி திறந்த அன்று 62 அட்டைகள் திரும்பி வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகள் செய்தவை அல்ல என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. சில அட்டைகளை அம்மாவோ அக்காவோ வரைந்திருக்கிறார்கள். சில, கடையில் வாங்கிய அச்சுப் பெட்டியில் இருக்கும் ரெடிமேட் பூக்களால் நிறைந்திருந்தன. ஏழு அட்டைகள் அச்சகத்திலேயே பல வண்ணத்தில் அடித்து, டை கட்டிங் செய்து (வடிவமாக வெட்டி), ஓரத்தில் தங்க ஃபாயில் வைத்து வந்திருந்தன. ஒரு தொழிலாளியின் கண்ணோடு பார்த்தால் அருமையான வேலை, அதை நான் மறுக்கவில்லை. பிள்ளையின் பெயர் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து களைத்து வந்த பிறகு உட்கார்ந்து செய்திருக்கிறீர்கள்.

ஆனால் நான் பார்த்த ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சடித்த அட்டை கொண்டுவந்த ஒரு சிறுமியிடம், "இதில் நீ வைத்த வெண்டைக்காய்ப் பூ எங்கே கண்ணு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ரஃப் நோட்டின் நடுவிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள். வீட்டுக்குத் தெரியாமல் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒரு மூலையில் தண்ணீர் அதிகமாகி ஆரஞ்சு வண்ணம் திட்டாகப் பரவியிருந்தது. அந்தத் திட்டுக்கு இரண்டு கொம்பும் ஒரு வாலும் வைத்து மாடாக்கியிருந்தாள். மாட்டின் கழுத்தில் வெண்டைக்காய்ப் பூக்களால் மாலை. கடைசிப் பூ இடம் போதாமல் மாட்டின் மூக்கில் விழுந்திருந்தது. "அப்பாதான் இது அசிங்கமா இருக்குன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க வேண்டாம். அன்றைக்கு அதே மாதிரி இன்னும் மூன்று பழைய அட்டைகள் பைகளிலிருந்து வெளியே வந்தன.

இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் அட்டைகளின் படங்கள் போடப்பட்டு, எது நன்றாக இருக்கிறது, எது "சுமார்" என்று பேச்சு நடந்திருக்கிறது. பத்து ரூபாய் கேக் கலரில் (வில்லை வண்ணத்தில்) முழுக்கத் தானே செய்த ஒரு பையன், அதைக் கேள்விப்பட்டுத் தன் அட்டையை மேசை மேல் வைக்கவே இல்லை. அந்தக் குழுவில் இருக்கும் பெரியவர்களிடம் நேராகவே சொல்கிறேன்: ஒரு குழந்தையின் வேலையை இன்னொரு குழந்தையின் வேலையோடு ஒப்பிட்டு எழுதுவதை இந்தப் பள்ளி அனுமதிக்காது. இனி பிள்ளைகளின் அட்டை, ஓவியம் எதையும் அந்தக் குழுவில் போட வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் செய்து அனுப்பும் அட்டைகளையும் நாங்கள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. விலை கூடிய அச்சுப் பெட்டி, வெளிநாட்டு வண்ணம் எதுவும் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டாம். தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுத் திரி வைத்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து ஏங்கும்படி ஒரு வகுப்பை நான் நடத்த மாட்டேன்.

அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், விலகி நிறம் தள்ளி விழுந்தால் அந்தத் தாளை நீங்கள் கழிவில் போடுவீர்கள், போடத்தான் வேண்டும். ஆயிரம் பிரதியும் ஒன்றுபோல இருப்பது உங்கள் தொழிலின் பெருமை. பிள்ளை செய்யும் அட்டைக்கு ஒரே ஒரு பிரதிதான். அதை வாங்கிப் பார்க்கப் போகும் பாட்டி, தள்ளி விழுந்த அந்தப் பூவைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். பேரனின் கை அதில் தெரியும்.

சரி, இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வரும் செவ்வாயும் புதனும் மதிய வேளையில் எல்லா அட்டைகளையும் பள்ளியிலேயே முடிக்கிறோம். பழைய அட்டை வீட்டில் இருந்தால், கிழிந்திருந்தாலும் கறை பட்டிருந்தாலும் கொடுத்துவிடுங்கள், அதிலிருந்தே தொடரலாம். இல்லாதவர்களுக்குப் புது அட்டை தருகிறோம். வியாழக்கிழமை காலை பிள்ளைகளைத் தபால் நிலையத்துக்கு அழைத்துப்போகிறோம், அவர்களே பெட்டியில் போடுவார்கள்.

உங்களிடமிருந்து வேண்டியது கொஞ்சம்தான். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்களின் முழு முகவரியைப் பின்கோடோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பல பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுப் பின்கோடே தெரியவில்லை. 6-இல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்ததும், நம் ஊர் எண்ணான 626123-இல் ஒவ்வொரு எண்ணும் எந்த ஊரைக் குறிக்கிறது என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள். தபால்தலைக்கு 5 ரூபாய் கொடுத்தனுப்புங்கள். அந்தத் தபால்தலையே போதும் என்பதற்காக, அட்டையை உறையோடு சேர்த்து 20 கிராமுக்குள் வரும்படி அளந்து வெட்டியிருக்கிறோம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மேலே போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய சட்டை ஒன்று வேண்டும். சீருடையில் ஒரு துளி பட்டுவிட்டால் திட்ட வேண்டாம், உடனே அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். உப்பைப் பற்றியும் மெழுகைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் பேசும்போது கையில் போன் இல்லாமல் கேட்டால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இந்த வகுப்பே உங்களால்தான் நடக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. அச்சகங்களில் வெட்டி மிஞ்சிய 300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த அட்டைத் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்கியவர்கள் நீங்கள்தான். முதலில் வந்தது பூச்சு போட்ட ஆர்ட் கார்டு, அதில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. காரணம் சொன்னதும் மறுநாளே பூச்சு இல்லாத அட்டையைத் தேடிக் கொண்டுவந்தீர்கள். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளைச் சோதனைக்கென்று தனியாகக் கொடுத்தவர்களும் உண்டு. வாரா வாரம் முற்றிய வெண்டைக்காயைப் பையில் போட்டு அனுப்பிய தாய்மார்களுக்கும், மழையில் வந்து அட்டைகளைக் கொடியில் காயப்போட்டு உதவிய அக்காக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. அச்சகத்தில் அட்டை அடித்துக் கொடுத்த ஏழு வீட்டாருக்கும் மனக்குறை வேண்டாம். அந்த அட்டைகளைப் பள்ளியின் சார்பில், அட்டைத் துண்டுகள் தந்த அச்சகங்களுக்கே பொங்கல் வாழ்த்தாக அனுப்பலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதம் என்றால்.

முகவரிச் சீட்டு திங்கள்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கையில் இருக்கட்டும். உங்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்