கேடட்டின் காதுக்கும் வாய்க்கும் மார்க் போடுங்கள்

கப்பல் அதிகாரிகளுக்கான ப்ரீ-சீ (கப்பலில் ஏறும் முன் படிக்கும்) படிப்புகளின் ஆங்கிலப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் சென்னைப் பக்கம் ஒரு கடல்சார் கல்லூரியில் கேடட்களுக்கு, அதாவது கப்பல் அதிகாரியாகப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு, ஆங்கிலம் சொல்லித் தருகிறவன். கப்பலில் வேலை பார்த்தவன் இல்லை; எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். என் கோரிக்கை ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தின் மார்க்கில் பெரும்பகுதியை எழுத்துத் தேர்வில் இருந்து எடுத்து, கேட்பதற்கும் பேசுவதற்கும் கொடுங்கள்.

இப்போது என் மாணவர்கள் எழுதுகிற தேர்வு எப்படி இருக்கிறது தெரியுமா? பிடித்த தலைவர் பற்றி ஒரு கட்டுரை. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று வார்டனுக்கு ஒரு கடிதம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக, கோடிட்ட இடத்தை நிரப்புக. கடைசியில் கொஞ்சம் கப்பல் சொற்கள், அவற்றுக்கு விளக்கம் எழுத வேண்டும். மனப்பாடம் செய்தால் 70 மார்க் உறுதி. எந்தக் கலைக் கல்லூரியின் முதலாண்டுக்கும் இதே வினாத்தாளைக் கொடுக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை கேட்பது இதை அல்ல. பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், வாட்ச் (முறைப் பணி) நிற்கப் போகிற அதிகாரிக்கு என்ன ஆங்கிலம் வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது: வரைபடங்களையும் கடல்சார் வெளியீடுகளையும் பயன்படுத்த வேண்டும், வானிலைத் தகவலும் பாதுகாப்புச் செய்தியும் புரிய வேண்டும், பிற கப்பல்களோடும் கரை நிலையங்களோடும் பேச வேண்டும், பல மொழி பேசும் பணியாளர்களை வைத்து வேலை வாங்க வேண்டும். கூடவே எஸ்.எம்.சி.பி. என்கிற, கடலில் பேசுவதற்கான சீர்தர ஆங்கிலத் தொடர்களைப் புரிந்துகொண்டு பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் மாதிரிப் பாடத்திட்டம் 3.17, கடல்சார் ஆங்கிலத்துக்கென்றே வந்தது. அதன் 2015 பதிப்பு பொதுக் கடல்சார் ஆங்கிலம் ஒரு பகுதி, சிறப்புக் கடல்சார் ஆங்கிலம் ஒரு பகுதி என்று பிரித்தே கொடுத்திருக்கிறது. நாம் முதல் பகுதியிலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டோம்.

எஸ்.எம்.சி.பி. 2001 நவம்பரில் ஐ.எம்.ஓ. ஏற்றுக்கொண்ட தொகுப்பு. 1977-ல் வந்த பழைய சொற்தொகுதியின் இடத்தில் இது வந்தது. என்னைப் போல இலக்கியம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதலில் இது கசக்கும். பள்ளியில் நாம் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொடுத்த பண்பான ஆங்கிலத்தை இது தூக்கி எறியச் சொல்கிறது. எல்.கே.ஜி.யில் இருந்து "மே ஐ கம் இன், மிஸ்?" என்று கேட்டு வளர்ந்தவன் எங்கள் மாணவன். அவன் ஃபேர்வேக்குள், அதாவது கப்பல் போகும் வழிக்குள், நுழைய ரேடியோவில் "மே ஐ என்டர் தி ஃபேர்வே?" என்று கேட்கக் கூடாது. அது அனுமதி கேட்பதா, வாய்ப்பு உண்டா என்று விசாரிப்பதா என்ற குழப்பம் வரும். "கொஸ்டின். டூ ஐ ஹேவ் பெர்மிஷன் டு என்டர் தி ஃபேர்வே?" என்று கேட்க வேண்டும். முன்னால் "கொஸ்டின்" என்று சொல்லிவிட்டால், வரப்போவது கேள்வி என்று உச்சரிப்பு பிடிபடாதவனுக்கும் தெரிந்துவிடும். அதே மாதிரி "யூ குட் பி ரன்னிங் இன்டு டேஞ்சர்" என்று நாசூக்காகச் சொல்லக் கூடாது. "வார்னிங். யூ ஆர் ரன்னிங் இன்டு டேஞ்சர்" என்று போட்டு உடைக்க வேண்டும்.

இதை எழுத வைத்தால் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. என் வகுப்பில் இரண்டு வாக்கி-டாக்கி வைத்திருக்கிறேன். ஒருவன் வகுப்பில் உட்கார்ந்து துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையம் ஆவான். இன்னொருவன் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்று கப்பல் ஆவான். லேப்டாப்பில் இன்ஜின் சத்தத்தை ஓடவிட்டுவிடுவேன். உள்ளே இருப்பவன் கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று கேட்கிறான். வெளியே இருந்து "டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி, சார்" என்று பதில் வருகிறது. உள்ளே இருப்பவன் 215 என்று எழுதுகிறான். எழுதிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறான், புரிந்ததாம். தலையாட்டினால் ரேடியோவில் தெரியுமா? கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் தவறு அந்த நொடியே வெளிப்பட்டிருக்கும். "டூ-ஃபைவ்-ஜீரோ" என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லியிருந்தால் தவறுக்கே இடம் இருந்திருக்காது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சுக்கான் பிடிப்பவனுக்கு ஆணை கொடுக்கும்போது மட்டும் "ஸ்டார்போர்டு ஃபிஃப்டீன்" (வலப்பக்கம் 15 டிகிரி) என்று முழு எண்ணாகவே சொல்ல வேண்டும். அங்கே மட்டும் ஏன் குழம்பாது என்று கேட்டேன். ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, "சுக்கான் சாதாரணமா முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போகாதே சார், ஃபிஃப்டின்னு எப்படி நெனைப்பான்?" என்றான். அவன் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, தமிழ் மீடியம். வாடை எப்போது திரும்பும், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே தெரியும். கட்டுரைத் தேர்வில் அவனுக்கு 41. கான்வென்ட்டில் படித்த, ரேடியோவைக் கையில் எடுத்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிற மாணவனுக்கு 78. எந்த மார்க்கை நம்பி ஒருவனைக் கப்பலுக்கு அனுப்புவது?

இது வெறும் வகுப்பறைக் கவலை இல்லை. 1990 ஏப்ரலில் ஸ்காண்டினேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் தீப்பற்றியதில் 159 பேர் இறந்தார்கள். தீ வைத்தது யார் என்பது தனி வழக்கு. ஆனால் பணியாளர்களில் பலருக்குத் தங்களுக்குள்ளும் பயணிகளோடும் பேசப் பொது மொழியே இல்லை. 2007 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் மூடுபனி. கோஸ்கோ பூசான் என்ற கப்பலுக்கு வழிகாட்ட ஏறியிருந்த உள்ளூர் அமெரிக்க பைலட், மின்னணு வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்களுக்கு என்ன அர்த்தம் என்று சீன மாஸ்டரை (கேப்டனை) கேட்டார். கேள்வியும் சரியாகப் போய்ச் சேரவில்லை, பதிலும் சரியாக வரவில்லை. கப்பல், விரிகுடாவின் மேல் இருந்த பாலத்தின் காப்புக் கட்டமைப்பில் உரசியது, சுமார் 2 லட்சம் லிட்டர் எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. பைலட் உட்கொண்டிருந்த மருந்துகளுக்கு அந்த விபத்தில் பெரிய பங்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் புரியாததைப் புரியவில்லை என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளின் "யெஸ் சார்" பழக்கமும் அதே சாதிதான்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் டாலி கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தை நோக்கிப் போனது. பணியாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள். பைலட்டுகளிடம் இருந்து போன அவசரத் தகவல் கைமாறிக் காவல்துறைக்குப் போய், பாலத்தில் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. மேலே வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பாலம் விழும்போது அதன் மேல் போக்குவரத்து இல்லை. சில வாக்கியங்கள் சரியான நேரத்தில், சரியான ஆளுக்குப் போனதால் நடந்தது இது.

உச்சரிப்பு விஷயத்தையும் கவனியுங்கள். உலகக் கப்பல்களில் பிலிப்பினோக்கள், ரஷ்யர்கள், இந்தோனேசியர்கள், சீனர்கள், அப்புறம் நாம். லண்டன் உச்சரிப்பில் பதிவு செய்த குறுந்தகட்டைப் போட்டுக் கேட்கவைத்து என்ன பயன்? சிங்கப்பூர் நீரிணையில் வி.எச்.எஃப். ரேடியோவில் வருகிற குரல் லண்டன்காரர் குரல் இல்லை. நம் மாணவர்களின் உச்சரிப்பை வெள்ளைக்காரனாக மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. எண்ணும் பெயரும் தெளிவாக வந்தால் போதும், மெதுவாகப் பேசினால் இன்னும் நல்லது. இன்ஜினியரிங் மாணவர்களின் தேவை வேறு: மேனுவல் படிப்பது, பழுதைப் பற்றிச் சுருக்கமாக மெயில் எழுதுவது. அவர்களுக்குத் தனி வினாத்தாள் வேண்டும், அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

கடைசியாக ஆசிரியர்கள் விஷயம். என்னிடம் மொழி இருக்கிறது, கடல் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் கேப்டனிடம் கடல் இருக்கிறது, பாடம் நடத்தும் பொறுமை சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. எங்கள் கல்லூரியில் பிரிட்ஜ் சிமுலேட்டர் இருக்கிறது. அதற்குள் ஆங்கில ஆசிரியர் போவதற்கு கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. வாரத்துக்கு ஒரு பீரியட் இருவரும் சேர்ந்து சிமுலேட்டரில் வகுப்பு எடுக்கும்படி பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதினால்தான் நடக்கும். வகுப்பில் ஆசிரியர் தமிழில் விளக்கினால் குற்றம் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஆய்வுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

எல்லாக் கல்லூரியிலும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு பேட்ச். 100-க்கு 60 மார்க், ரேடியோ வழியாக நடக்கும் கேட்டல்-பேசுதல் தேர்வுக்கு. உள்ளே ஒரு கேடட், வெளியே ஒரு கேடட், நடுவில் இன்ஜின் சத்தம். மதிப்பிட ஓர் ஆங்கில ஆசிரியர், ஒரு மாஸ்டர் மரைனர் (கேப்டன் தகுதி பெற்றவர்). எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாம், மறுமதிப்பீடு கேட்டால் போட்டுக் காட்டலாம். செலவு என்று பார்த்தால் நாலு வாக்கி-டாக்கியும் ஒரு ரெக்கார்டரும்தான். மாதிரி வினாக்களும் மதிப்பெண் பிரிப்பும் நான் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால் கொண்டுவந்து தருகிறேன். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பு உங்களில் இரண்டு பேர் எங்கள் வகுப்புக்கு வந்து, மாடிப்படிக்கு அந்தப் பக்கம் நின்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்