‘யாருக்கும் தெரியாது’ என்ற பொய்: இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்துக்கு,

வணக்கம். ‘பான் வேண்டாம், ஆதார் வேண்டாம், கிரிப்டோவில் ஆடுங்கள், யாருக்கும் தெரியாது’ என்று சொல்லித்தான் டெலிகிராமில் ஆள் பிடிக்கிறார்கள். சூதாட்டம் கெடுதல் என்பது ஆடுகிறவருக்கே தெரியும். தெரியாதது, அந்தக் கடைசி இரண்டு சொற்கள் பொய் என்பது. அதை மக்களிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கிரிப்டோவை வாங்கி விற்கும் இந்திய எக்ஸ்சேஞ்சில், டாலர் மதிப்போடு பிணைத்த கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியை வாங்கும்போதே பான் எண் பதிவாகிறது. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அங்கிருந்து சூதாட்டத் தளம் தரும் டெபாசிட் முகவரிக்குப் பணம் போகிறது. பெரும்பாலும் அது ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் முகவரி. பிறகு எல்லா முகவரிகளின் பணமும் தளத்தின் பொது வாலட்டுக்கு (கிரிப்டோ பணப்பைக்கு) போகும். எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுவதால்தான் அது யாருடைய வாலட் என்று அடையாளம் காண முடிகிறது. இந்தப் பரிமாற்றங்கள் எல்லாம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகின்றன. அந்தப் பதிவை எவரும் பார்க்கலாம், எவராலும் அழிக்க முடியாது. 2016-ல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் திருடுபோன பிட்காயினின் தடத்தைப் பிடித்து 2022-ல் நியூயார்க்கில் கைது செய்தார்கள்.

பணம் போடும்போது பெயர் கேட்காத தளம், எடுக்கும்போது பாஸ்போர்ட்டும் செல்ஃபியும் கேட்கும். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் வழியாக நுழைந்தது தெரிந்தால் விதிமீறல் என்று கைவிரிக்கும்.

ஜெயித்த யுஎஸ்டிடியை இன்னொருவரிடம் நேரடியாக விற்று ரூபாயாக்கும் பி2பி முறை இன்னும் மோசம். யுஎஸ்டிடியை வாங்குகிறவர் யுபிஐயில் அனுப்புவது யாரோ மோசடியில் பறிகொடுத்த பணமாக இருக்கலாம். பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்தால், பணம் போன வழியிலுள்ள கணக்குகள் முடங்கும். சம்பளக் கணக்கே முடங்கி, வேறு மாநிலப் போலீசுக்கு விளக்கம் எழுத வேண்டிவரும். ‘சூதாட்டத்தில் ஜெயித்தது’ என்று எழுத யாருக்குத் துணிவு வரும்?

புகார்கள் வராததற்கும் இதுவே காரணம். 2025-ன் மத்திய இணையவழி விளையாட்டுச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை. நமது மாநிலத்தின் 2022 இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுகிறவருக்கு 3 மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை உண்டு. ஏமாந்து வந்து புகார் தருபவரை எப்படி நடத்துவீர்கள் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

புகார் வாங்கும்போது ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்க வேண்டாம். 64 எழுத்துள்ள பரிவர்த்தனை ஹாஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாளக் குறி), அனுப்பிய, பெற்ற இரு முகவரிகள், பிளாக்செயின் நெட்வொர்க், நேரம் எல்லாவற்றையும் காப்பி செய்து எழுத்தாகவே வாங்குங்கள். படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் ஓரெழுத்துப் பிழையில் முகவரி செல்லாமல் போகும். யுஎஸ்டிடியை முடக்கும் வசதி அதை வெளியிடும் டெதர் நிறுவனத்திடம் இருக்கிறது, ஆனால் பணம் அந்த முகவரியில் இருக்கும்வரைதான். எனவே புகார் வந்த அன்றே சைபர் கிரைம் பிரிவுக்குப் போய்ச் சேர வழி செய்யுங்கள்.