கெல்மன் சார்ல்ட்டனுக்குப் போய்விட்டான்

லெய்ட்டன்,
ஆகஸ்ட் 2025

அன்புள்ள மணி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றும், கட்டுப் பிரிப்பதற்குள்ளேயே நர்ஸிடம் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார் என்றும் பாஸ்கர் சொன்னான். அரசியல் பேசுகிறார் என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். வசந்தியையும் பையனையும் விசாரித்ததாகச் சொல். சம்பிரதாயம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

கெல்மன் சார்ல்ட்டனுக்குப் போய்விட்டான்.

சிரிக்காதே. அவன் நம் லெய்ட்டன் ஓரியன்ட் கால்பந்து அணியின் ஆளே இல்லை, க்யூ.பி.ஆர். அணியிடமிருந்து ஒரு சீசனுக்கு இரவல் வாங்கிய ஆள், இரவல் பொருள் திரும்பிப் போவதில் என்ன அதிசயம் என்று கேட்பாய். எல்லாம் தெரியும். ஆனால் லீக்கில் மட்டும் 21 கோல் அடித்து, மூன்றாம் பிரிவான லீக் ஒன்னிலேயே அதிக கோல் அடித்தவன் என்ற பெயரை அவன் வாங்கியது நம் சிவப்புச் சட்டையில்தானே? மே 25ஆம் தேதி வெம்ப்ளி மைதானத்து இறுதிப் போட்டியில் நம்மை வீழ்த்திவிட்டு மேல் பிரிவுக்குப் போன அதே சார்ல்ட்டன் அணி, இப்போது காசைக் கொடுத்து அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பந்தியில் நம் இலையைப் பிடுங்கிச் சாப்பிட்டவன், கை கழுவப் போகும்போது நம் செருப்பையும் மாட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. மே மாதம் நீ என்ன ஆயிற்று என்று கேட்டபோது பேசும் நிலையில் நான் இல்லை. இன்று பேசியே தீர வேண்டும். நீ படித்தே தீர வேண்டும்.

முதலில், சீசன் இப்படி முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குளிர் தொடங்கும் வரை அட்டவணையின் கீழ்ப்பக்கத்தில்தான் கிடந்தோம். மைதானத்து ஃபிளாஸ்க் தாத்தா வழக்கம்போல அக்டோபரிலேயே நமக்குக் கருமாதி நடத்திவிட்டார். மேலாளர் ரிச்சி வெல்லன்ஸை அனுப்பிவிட வேண்டும் என்று என் வரிசையிலேயே இரண்டு பேர் ஒவ்வொரு வாரமும் சபதம் எடுத்தார்கள். இரண்டு வருடம் முன்புதான் கீழ்ப் பிரிவான லீக் டூவின் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். நம் கூட்டத்தின் ஞாபகசக்தி உனக்குத் தெரியாததா?

பிறகு எஃப்.ஏ. கோப்பையில் ஓல்டம் வந்தது. நம்மைவிட இரண்டு படி கீழே இருந்த அணி. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாம் பின்தங்கியிருக்க, ஆட்டம் முடியப்போகிறது. ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்போது நம் கோல்கீப்பர் கீலி, டாட்டன்ஹாமிலிருந்து இரவலாக வந்த பையன், தன் கம்பங்களை அநாதையாக விட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடினான். ஓடிப்போய்த் தலையால் முட்டி கோல் போட்டான். கோல்கீப்பர், மணி! எழுந்தவர்கள் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே குதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு கூடுதல் நேரத்தில் வென்று, அடுத்த சுற்றில் டெர்பியைப் பெனால்டியில் தாண்டி, பிப்ரவரி 8ஆம் தேதி நம் பிரிஸ்பேன் ரோடு மைதானத்துக்கு மான்செஸ்டர் சிட்டியையே வரவழைத்துவிட்டோம்.

அன்றைக்கு நம் டான்லி அடித்தது பற்றி நான் எழுதினால் நீ மிகைப்படுத்துகிறேன் என்பாய். மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, சிட்டி கோல்கீப்பர் ஒர்ட்டேகா முன்னே வந்து நிற்பதைப் பார்த்துத் தூக்கி அடித்தான். பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. மூலையில் இருக்கிற அடுக்குமாடி வீட்டு பால்கனிகளில் நின்று பார்த்தவர்கள் எல்லோரையும்விட முன்னதாகக் கத்த ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத்தான் பந்தின் போக்கு முழுதாகத் தெரிந்திருக்கும். மேல்கம்பியில் பட்டு, கீழே வந்து, ஒர்ட்டேகா மீது பட்டு உள்ளே போனது. கணக்குப் புத்தகத்தில் அது சொந்த கோல் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எழுதட்டும். கடைசியில் சிட்டியின் டி புருய்னா வந்து 2-1 என்று முடித்துவைத்தார். தோற்றோம், ஆனால் அன்று ஹை ரோட்டில் தோற்றவர்கள் மாதிரி யாரும் நடக்கவில்லை. பாஸ்கர் மட்டும் போன் செய்து வெஸ்ட் ஹாம் என்றால் ஜெயித்திருக்கும் என்றான். அவனோடு நீ எப்படித்தான் இன்னமும் பேசுகிறாயோ.

சிட்டி ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பெரிய சறுக்கல். அதைத் தாண்டுகிறேன். ஏப்ரலில் என்ன புகுந்ததோ, ஜெயிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. கடைசி நாளில் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குப் போய் 4-1. ரெடிங் அணி அன்று பார்ன்ஸ்லியிடம் தோற்றது. 78 புள்ளிகளோடு ஆறாவது இடம். ப்ளே-ஆஃபுக்குள், அதாவது மேல் பிரிவுக்கு ஏறும் கடைசி அணி யார் என்று தீர்மானிக்கும் ஆட்டங்களுக்குள், கடைசி ஆளாக நுழைந்தோம். அரையிறுதியில் ஸ்டாக்போர்ட்டுடன் இரண்டு ஆட்டமும் சமம், பெனால்டியில் 4-1. என் வாழ்நாளில் நம் அணி பெனால்டியை இவ்வளவு நிதானமாக அடித்துப் பார்த்ததே இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இறுதிப் போட்டியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 31ஆவது நிமிடத்தில் கில்லெஸ்பி என்கிற தடுப்பாட்டக்காரன் ஒரு ஃப்ரீ கிக்கை உள்ளே போட்டான். 1-0. மீதி நேரம் முழுவதும் நாம் கதவைத் தட்டினோம், அவர்கள் திறக்கவில்லை. கெல்மனுக்கு நல்ல பந்து ஒன்றுகூட வந்து சேரவில்லை என்பது என் கணக்கு.

தேதியைக் கவனித்தாயா? மே 25. 2014இல் நீயும் நானும் ராதர்ஹாமிடம் தோற்றுவிட்டு வந்ததும் மே 25தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு வருடம், அதே தேதி, அதே கிழமை, அதே மைதானம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் தோல்வி இல்லை. இதைத்தான் இரண்டு மாதமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

2014 அநியாயம். சீசனின் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தோம். 86 புள்ளிகள், மூன்றாவது இடம். ராதர்ஹாமும் 86தான், கோல் வித்தியாசத்தில் நாம் முன்னால். வெம்ப்ளியில் ஒடுபாஜோவும் காக்ஸும் அடித்து இடைவேளைக்கு 2-0. நீ அப்போதே அடுத்த வருடம் எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தாய். அந்தப் பட்டியலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு அவர்களுடைய ரெவெல் இரண்டு அடித்தான், இரண்டாவது அவ்வளவு தூரத்திலிருந்து. பிறகு பெனால்டியில் 4-3. திரும்பி வரும் ரயிலில் கோபப்பட நமக்கு எல்லாக் காரணமும் இருந்தது. விதியைத் திட்டலாம், முறையைத் திட்டலாம்; 46 ஆட்டம் ஆடிச் சம்பாதித்ததை ஒரு மதியத்தில் எடுத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்டோமே, ஸ்ட்ராட்ஃபோர்டு வரும் வரை!

இந்த முறை அந்த வழியும் இல்லை. சார்ல்ட்டன் நான்காவது, 85 புள்ளிகள். நாம் ஏழு புள்ளிகள் பின்னால். முதலிடத்து பர்மிங்ஹாம் 111. அவர்களுக்கும் நமக்கும் 33 புள்ளி இடைவெளி. மேலே போயிருந்தால் ராதர்ஹாம் 2014இல் செய்ததைவிட மோசமான காரியத்தை நாம் செய்திருப்போம். திட்டுவதற்கு ஆள் கிடைக்காத தோல்வி எவ்வளவு எரிச்சலூட்டுகிறது தெரியுமா? தாத்தாவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1999இல் ஸ்கன்தார்ப், 2001இல் கார்டிஃபில் பிளாக்பூல், 2014, இப்போது இது. பெரிய மைதானத்துக்குப் போன ப்ளே-ஆஃப் இறுதி நான்கிலும் தோல்வி, ஐந்தாவதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார். நாம் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய ஒரே சீசனான 1962-63ஐச் சிறுவனாகப் பார்த்தவர். அதில் கடைசி இடம். அதிலிருந்து அவருக்கு எதுவும் புதிதில்லை.

இப்போது என்னை உண்மையில் தூங்கவிடாத விஷயம். 2014இல் தோற்றதைவிட, தோற்ற பிறகு நடந்ததுதான் நம்மைக் கொன்றது. மே மாதம் தோல்வி. ஜூலையில் அப்போதைய உரிமையாளர் பாரி ஹெர்ன் அணியை பெக்கெட்டி என்ற இத்தாலியப் பணக்காரரிடம் விற்றார். அடுத்த மே மாதமே லீக் டூவுக்கு இறங்கினோம். மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் பெயரை நாம் பழகுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். இத்தாலிய டி.வி.க்காக ரியாலிட்டி ஷோ எடுத்தார்கள். 2017இல் வரி பாக்கிக்காக நீதிமன்றம், சம்பள பாக்கி, கடைசியில் 112 வருடம் இருந்த லீக்கிலிருந்தே வெளியே. கால்செஸ்டர் ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஜனங்கள் புல்தரையில் இறங்கிவிட்டார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது என்று அறிவித்தார்கள். நீ குனிந்து ஒரு பிடி புல்லைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். நாம் கிளம்பிப் போன பிறகு, காலி மைதானத்தில் அந்த மிச்ச நிமிடங்களை ஆடி முடித்தார்கள். பந்தைச் சும்மா இங்கும் அங்கும் தட்டிக்கொண்டு. ஆடினோம் என்று பதிவு செய்வதற்காக.

இப்போது தேதிகளைப் பொருத்திப் பார். இந்த ஏப்ரலில்தான் அணியின் பெரும்பங்கை ஓர் அமெரிக்க முதலீட்டுக் குழு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. டேவிட் கேண்ட்லர், ஃபூபோ டி.வி.யைத் தொடங்கியவர்களில் ஒருவர், தலைமை. மே மாதம் வெம்ப்ளியில் தோல்வி. இப்போது கெல்மன் இல்லை. கால்பிரெய்த்தும் ஸ்வான்சீக்குப் போயாயிற்று. நடுக்களத்தில் அந்தப் பையன் இல்லாமல் யார் பந்தை முன்னே கொண்டுபோவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. புது மைதானம் பற்றிய பேச்சும் அடிபடுகிறது. உனக்குக் கேட்கிறதா அந்தப் பழைய அபாய மணி?

நியாயமாகப் பார்த்தால் ஒப்பிடக் கூடாது. விற்பவர் நைஜல் ட்ராவிஸ். 2017இல் குப்பைத்தொட்டியிலிருந்து நம்மைத் தூக்கியவர். அவர் காலத்தில்தான் ஜஸ்டின் எடின்பரோ மேலாளராக வந்து, 2019இல் நம்மை லீக்குக்குத் திரும்பக் கொண்டுவந்தார். (நீ ஊருக்குத் திரும்பிய மறு வருடமே அது நடந்தது, உன் ராசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தா சொல்கிறார்.) ஏறிய சில வாரங்களில், ஜூன் 8ஆம் தேதி, 49 வயதில் இதயத் துடிப்பு நின்றுபோனதில் போய்ச் சேர்ந்தார் அந்த மனிதர். மேற்கு ஸ்டாண்டுக்கு இப்போது அவர் பெயர். அப்படிப்பட்ட துக்கத்தைத் தாங்கிய நிர்வாகம் வந்தவனிடமெல்லாம் சாவியைக் கொடுத்துவிடாது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் ஹெர்னும் நல்லவர் கையில் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தானே கொடுத்திருப்பார்? பணக்காரன் நல்லவனா என்பது அவன் முதல் தடவை தோற்கும்போதுதான் தெரியும். இவர்கள் இன்னும் தோற்கவில்லை. தோற்றது நாம்.

மேல் பிரிவான சாம்பியன்ஷிப்புக்குப் போயிருந்தால் டி.வி. பணம் பல மடங்கு வந்திருக்கும், இந்தப் பயம் பாதியாகியிருக்கும். போகாததால் அணி முழுக்க முழுக்க உரிமையாளரின் பையை நம்பியே இருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னால், உங்கள் வேலையைப் பற்றி இந்த அளவுக்கு யோசித்ததுண்டா என்று கேட்கிறாள்.

யாழினி பற்றிச் சொல்ல மறந்தேன். வகுப்பில் பாதி ஆர்சனல், மீதி வெஸ்ட் ஹாம், டாட்டன்ஹாம். இவள் ஒருத்திதான் ஓரியன்ட். வெம்ப்ளியில் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அடுத்த சீசன் எப்போது தொடங்கும் என்று கேட்டாள். அவளுக்கு 2014 தெரியாது. சொல்லிக் கொடுப்பதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் இந்த வியாதியைக் கொண்டுவந்தவன் நீ. அன்று டிக்கெட் மலிவு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் நான் இன்று பாஸ்கர் மாதிரி நிம்மதியாக, கொஞ்சம் முட்டாளாக, இருந்திருப்பேன்.

சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டேன், அவளுக்கும் சேர்த்து. ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் இந்த முறை நம் பிரிவுக்கு ஏறி வந்திருக்கிறது, அந்த ஆட்டத்துக்கு நீ இங்கே இருந்தால் நன்றாக இருக்கும். நவம்பரில் வருவதாக வசந்தி சொன்னாளே, தேதி முடிவானதும் எழுது. அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறேன். வரும்போது தாத்தாவுக்குக் கும்பகோணம் டிகிரி காபிப் பொடி அரைக் கிலோ வாங்கி வா. ஃபிளாஸ்க்கில் இருப்பது டீ இல்லை என்ற உன் பழைய சந்தேகத்தை அவரிடமே கேட்டுவிடலாம்.

அன்புடன்,
கதிர்